இங்கிலீஷ் காய், பிரெஞ்சுக் கை

ஓணம் நெருங்கிவிட்டால் காந்தலூரில் யாரையும் நிறுத்தி இரண்டு வார்த்தை பேச முடியாது. ஒருபக்கம் முட்டைகோஸ் வெட்டு, இன்னொரு பக்கம் கேரட் பிடுங்கிக் கழுவுவது, பீன்ஸை மூட்டை கட்டுவது. சாயங்காலமானால் ஜீப்பும் பிக்கப்பும் வரிசையாக மலை இறங்கும். கேரளத்தில் குளிர்ப்பிரதேசக் காய் பெரிய அளவில் விளைவது இங்கேயும், மூணாறுக்கு அந்தப்பக்கம் வட்டவடையிலும்தான். வருடத்தில் நாலு காசு பார்க்கிற நாட்கள் இவை. அதனால் "அந்த பிரெஞ்சு ஓட்டலுக்கு ஒருநாள் போகலாம் மாமா" என்று நான் ஆடியிலேயே சொல்லி வைத்திருந்தும், ஓணம் முடிந்து கை ஓய்ந்த பிறகுதான் மாமா சரி என்றார். அதிலும் ஒரு நிபந்தனை. "நாம சாப்பிட்டு வந்தப்புறமும் எனக்குச் சோறு இருக்கணும். உங்க அத்தைகிட்ட சொல்லிரு."

மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. படிப்படியாக வெட்டிய சரிவு நிலத்தில் பூண்டும் பீன்ஸும் போடுகிறார். அம்மாவுக்கு மூத்தவர். நான் உடுமலைப்பேட்டையில் பிறந்து வளர்ந்தாலும், விடுமுறை என்றால் சின்னார் செக்போஸ்ட்டைத் தாண்டி இங்கேதான் வருவோம்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மறையூர், காரையூர், கீழாந்தூர், காந்தலூர், கொட்டகுடி இந்த ஐந்தும் சேர்ந்தது அஞ்சுநாடு. மதுரைப் பக்கமிருந்து மலையேறி வந்து குடியேறியவர்கள் என்பது ஊர்க்கதை. இடுக்கி மாவட்டம், மலையாளத்தில் ரேஷன் கார்டு, வீட்டில் தமிழ். மூணாறில் விடாமல் கொட்டுகிற மழை மலையைத் தாண்டி இந்தப்பக்கம் வருவதற்குள் இளைத்துப்போய்விடும். கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே ஓடுவது மூன்றே மூன்று: கபினி, பவானி, அப்புறம் எங்கள் பாம்பாறு. பாம்பாறு அமராவதியில் கலந்து உடுமலைப் பக்கம் இறங்குகிறது. அம்மா கல்யாணமாகி வந்ததும் அதே திசையில்தான்.

இனி அந்த ஓட்டல். பெயரை எழுதப் போவதில்லை. எழுத வேண்டாம் என்று சமைக்கிற தம்பியே கேட்டுக்கொண்டார். எட்டு மேசைக்கு மேல் சமாளிக்க அவரிடம் ஆளில்லை. பழைய ஓட்டு வீடு ஒன்றைச் சீர்படுத்தியிருக்கிறார். முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். மெனு கார்டு கிடையாது. அந்த வாரம் என்ன கிடைத்ததோ அதை வைத்து ஆறு வகை, ஒருவருக்கு 1,800 ரூபாய். இந்தத் தொகையை மாமாவிடம் நான் சொல்லவில்லை.

தம்பி பிறந்தது மூணாறு எஸ்டேட் லயத்தில். அம்மா கொழுந்து எடுத்தவர். கொச்சியில் ஓட்டல் படிப்பு, பிறகு புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுச் சமையலறை, அதற்கப்புறம் கப்பல் வேலை. சேர்த்த பணத்தில் இந்தக் கடை. நல்ல தமிழ், நல்ல மலையாளம். பிரெஞ்சில் பாத்திர பண்டங்களின் பெயரும் வசவும் மட்டும் தெரியும் என்றார்.

உட்கார்ந்ததும் மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, அது முடிந்து, தட்டை எடுத்து, மேசையைத் துடைத்து, அப்புறம் அடுத்தது. "எல்லாத்தையும் ஒரேயடியா வச்சுட்டா என்னவாம்? நமக்கு எது வேணுமோ எடுத்துக்கலாமே" என்றார். வேடிக்கை என்னவென்றால், பழைய பிரெஞ்சு விருந்து அப்படித்தான் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைக்கும் பிரான்சில் பெரிய விருந்துகளில் ஏகப்பட்ட வகைகளை ஒரே நேரத்தில் மேசையில் பரப்பி வைப்பார்கள். கைக்கு எட்டியது கிடைக்கும், தூரத்தில் இருப்பது ஆறிப்போகும். ஒவ்வொன்றாகச் சூட்டோடு கொண்டுவந்து வைக்கும் முறை ரஷ்யர்களிடமிருந்து பாரிசுக்கு வந்தது. இன்று பிரெஞ்சு நாகரிகம் என்று நாம் முதுகை நிமிர்த்தி உட்காருகிற விஷயத்துக்கே சொந்தக்காரர்கள் வேறு. இதை மாமாவிடம் சொன்னதும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. பரிமாறிய தொடுபுழைப் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, உங்க பழைய வழக்கப்படியே செஞ்சிருங்க" என்றார். அவன் "ஒரு அஞ்சு மினிட் சேட்டா" என்று சிரித்துக்கொண்டே போனான்.

முதலில் வந்தது பூண்டு சூப். பிரான்சின் தென்மேற்கில், பெரிகோர், போர்தோ பக்கத்துக் கிராமங்களில் இதைத் தூரேன் என்கிறார்கள். வாத்துக் கொழுப்பில் பூண்டைக் கருகவிடாமல் வதக்கி, கொஞ்சம் மாவு தூவி, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிடுவார்கள். முட்டை வெள்ளையை நூல் நூலாக அதில் ஓடவிட்டு, மஞ்சள்கருவை வினிகரோடு அடித்துச் சேர்த்து இறக்குவார்கள். குடியானவர் வீட்டுச் சூப். கல்யாணத்தன்று இரவு உறவுக்காரர்கள் கும்பலாகப் போய்க் கதவைத் தட்டி, மாப்பிள்ளை பெண்ணுக்கு இதைக் கொடுத்துக் கலாட்டா செய்வது அந்தப் பக்கத்து வழக்கம். மாமாவிடம் சொன்னேன். "பூண்டையா? அன்னைக்கா?" என்றார். அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டேன்.

சூப் வெளிர் மஞ்சளாக, கொஞ்சம் கெட்டியாக இருந்தது. மேலே கொழுப்பு சின்னச் சின்னப் பொட்டாக மிதந்தது. வினிகருக்குக் கள்ளு வினிகர். வாயில் வைத்தால் முதலில் பூண்டு என்றே தெரியவில்லை. இனிப்பு, பின்னால் ஒரு புளிப்பு, எல்லாம் இறங்கிய பிறகு தொண்டையில் மெல்ல ஒரு சூடு. மலைப்பூண்டின் காரம் எங்கே போனது என்றால், அந்தக் காரம் முழுப் பூண்டில் கிடையாது. பல்லை நறுக்கும்போதோ நசுக்கும்போதோ உள்ளே தனித்தனியாக இருக்கிற இரண்டு பொருள்கள் கலந்துதான் அல்லிசின் என்கிற காரம் உண்டாகிறது. அந்த இரண்டில் ஒன்று நொதி, அது சூட்டில் செத்துப்போகும். முழுப்பல்லாகவே சூடேற்றிவிட்டால் காரம் பிறப்பதற்கு வழியில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டைச் சுட்டும் வேகவைத்தும் கொடுக்கிற நம் வீட்டுப் பெண்களுக்கு நொதியின் பெயர் தெரியாது, விஷயம் தெரியும்.

மாமா கடைசி மிச்சத்துக்குக் கரண்டியை விட்டுவிட்டுக் கிண்ணத்தையே தூக்கி வாயில் கவிழ்த்தார். பக்கத்து மேசையில் கொச்சிக்காரக் குடும்பம் ஒன்று இருந்தது, திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். தூரேன் குடிக்கிற பிரெஞ்சு விவசாயியும் அப்படித்தான் செய்வார். அடிமிச்சத்தில் கொஞ்சம் சிவப்பு ஒயினை ஊற்றிக் கலக்கி, கிண்ணத்தோடு எடுத்துக் குடிப்பதை அங்கே ஷாப்ரோ என்கிறார்கள். இந்தக் கடைக்கு ஒயின் லைசென்ஸ் கிடையாது. அது ஒன்றுதான் மாமாவுக்குக் குறை.

கிண்ணத்தைக் கீழே வைத்ததும் அவர் கேட்டது: "பூண்டு யார் தோட்டம்?"

பையன் உள்ளே போய் ஒரு கைப்பிடி பூண்டு கொண்டுவந்தான். மாமா ஒன்றை எடுத்து, கழுத்துப் பக்கம் கட்டைவிரலால் அழுத்தி, தோலை உரசி, முகர்ந்து பார்த்தார். "நம்ம ஊருதான். ஆனா அவசரப்பட்டு வித்திருக்கான். காயவே இல்லை." மாமா வீட்டில் பூண்டைத் தாளோடு கட்டுக் கட்டாகப் பரணில் தொங்கவிட்டிருப்பார்கள். கீழே விறகடுப்பு. புகை ஏறி ஏறி மேல்தோல் பழுப்பாகி, உள்ளே பல் இறுகிவிடும். அடுத்த விதைப்புக்கான விதைப்பூண்டும் அதில்தான் இருக்கும். காந்தலூர், வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறார்கள். காரமும் எண்ணெயும் கூடுதல், நாள்பட இருக்கும் என்பதுதான் அதன் பெருமை. மறையூர்ச் சர்க்கரைக்கு அதற்கும் முன்பே, 2019இல் கிடைத்துவிட்டது. இந்த மண்ணில் விளைந்தால்தான் இந்தப் பெயர் என்று சட்டம் போட்டுக் காப்பதில் உலகத்துக்கே வழிகாட்டியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்கு 1925இலேயே சட்டம், ஒயின்களுக்கு 1935இல். நம் நாட்டில் சட்டம் 1999, நடைமுறைக்கு வந்தது 2003. "குறியீடு வந்தது சரி, வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில அதைக் காட்டுனா கூட அஞ்சு ரூவா தருவானா?" என்பது மாமாவின் கேள்வி. நியாயமான கேள்வி. அங்கே ரோக்ஃபோர் என்று எழுதி வேறெதையும் விற்றால் கேஸ் வரும். இங்கே எந்த மலைப் பூண்டையும் எந்த மலைப் பெயரிலும் விற்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்?

ரொட்டியும் வெண்ணெயும் வந்தன. ரொட்டி சுமார். இந்த உயரத்துக் குளிரில் மாவு பொங்க அவருக்கு நேரம் போதவில்லையோ என்னவோ. வெண்ணெய் பிரமாதம். பிரெஞ்சுக்காரர்கள் பாலேட்டை லேசாகப் புளிக்கவிட்டுத்தான் வெண்ணெய் எடுக்கிறார்கள். தயிர் கடைந்து எடுக்கிற நம் வெண்ணெய்க்கும் அதற்கும் நெருங்கிய சொந்தம். கடைகளில் கட்டியாக வரும் வெண்ணெய்தான் நம் இருவருக்குமே அந்நியம். பால் எங்கிருந்து என்று கேட்டேன், பக்கத்து வீட்டு மாடு என்றார்கள். அந்த மாடுகூட முழு உள்ளூர் கிடையாது. 1963இல் மூணாறை அடுத்த மாட்டுப்பட்டியில் இந்திய சுவிஸ் திட்டம் என்று ஆரம்பித்து, பிரவுன் ஸ்விஸ் காளைகளை நம் மாடுகளோடு சேர்த்து சுனந்தினி என்று ஒரு கலப்பினம் உண்டாக்கினார்கள். மாமாவின் கொட்டகையிலும் முன்பு ஒன்று நின்றது. கோபம் வந்தால் பால் தராது.

அடுத்து மீன். ஜிலேபி மீன், அமராவதி அணையில் பிடித்தது. பிரெஞ்சுக்காரர் செய்தால் இதற்கு டிரவுட் போட்டிருப்பார். மூணாறு மேட்டு ஓடைகளில் டிரவுட் உண்டு, தூண்டில் போட்டுப் பொழுதுபோக்க வெள்ளைக்காரத் தோட்டத்துரைகள் கொண்டுவந்து விட்டது. ஆனால் தம்பி அணை மீனோடு நிறுத்திக்கொண்டதுதான் எனக்குப் பிடித்திருந்தது. ஜிலேபிக்கு ஒரு சேற்று வாடை இருக்குமே, அதைப் போக்க மோரில் ஊறவைத்திருக்கிறார். பிறகு மெல்லிசாக மைதா பூசி வெண்ணெயில் பொரித்து, அதே வாணலியில் புது வெண்ணெய் போட்டுக் காய்ச்சி, எலுமிச்சை பிழிந்து, மல்லித்தழை தூவி மேலே ஊற்றுகிறார். பிரெஞ்சில் மொனியேர் என்கிற மீன் பண்டம் இவ்வளவுதான். இதில் உயிர் அந்த வெண்ணெயைக் காய்ச்சுவதில் இருக்கிறது. உருகி, நுரைத்து, நுரை அடங்கி, அடியில் பால்கசடு பொன்னிறமாகி முந்திரி வாசம் வருகிற அந்த நொடியில் எலுமிச்சையைப் பிழிந்து நிறுத்திவிட வேண்டும். நாம் அங்கே நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்து, முருங்கை இலையைப் போட்டு, கசடை வடித்து நெய் என்கிறோம். "நெய் காய்ச்சப் போனவன் பாதியில எறக்கிட்டான்" என்றார் மாமா, கையால் மீனைப் பிய்த்தபடியே. முள்கரண்டியை அவர் தொடவே இல்லை. முள் உள்ள மீனுக்கு விரலைவிட நல்ல கருவி இல்லை என்று தம்பியும் ஒப்புக்கொண்டார். தட்டில் ஒரு சொட்டு வெண்ணெய் மிச்சமில்லை, சுமார் ரொட்டிக்கு அப்போது வேலை வந்துவிட்டது.

நடுவில் ஒரு சாலட் வந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதில் எனக்கொரு சண்டை இருக்கிறது.

பெரிய வகை என்றால் கஸ்ஸூலே. மண்சட்டியில் வெள்ளைப் பயறும் வாத்துக்கறியும் வைத்து மணிக்கணக்காக அடுப்பில் விடுகிற பண்டம். தெற்கு பிரான்சில் கஸ்டெல்நோதாரி, துலூஸ், கர்கசோன் என்று மூன்று ஊர்கள் இது எங்களுடையதுதான் என்று இன்னும் அடித்துக்கொள்கின்றன. மேலே ஆடை மாதிரி படியும் பொறுக்கை உடைத்து உள்ளே தள்ள வேண்டும், மறுபடி படியும், மறுபடி உடைக்க வேண்டும். ஏழு தடவை உடைக்க வேண்டும் என்று ஒரு சொல் உண்டு. இங்கே பயறுக்குப் பதில் காந்தலூர்ப் பட்டர் பீன்ஸ், தோல் உரித்து எடுத்த வெள்ளைப் பருப்பு, புதுசு. வாத்து குட்டநாட்டிலிருந்து வருகிறது. உள்ளூர் என்று அவர் ஏமாற்றவில்லை, அங்கிருந்து வருகிறது என்று பலகையிலேயே எழுதியிருக்கிறார். உப்பில் ஒரு ராத்திரி கிடந்து, தன் கொழுப்பிலேயே மெல்லிய சூட்டில் வெந்த கறி. கரண்டி பட்டதும் எலும்பை விட்டுவிட்டது. பட்டர் பீன்ஸ் உடையவில்லை, குழையவும் இல்லை. ஒவ்வொன்றும் முழுசாக நின்றது, நாக்கால் அழுத்தினால் வெண்ணெயாகப் போனது. அந்தச் சாற்றில் வாத்தும் பூண்டும் பீன்ஸின் மாவுச்சத்தும் சேர்ந்து என்னவோ ஒன்று இருந்தது. மாமா ஐந்து நிமிடம் பேசவில்லை. அப்புறம் போனை எடுத்து அத்தைக்கு, "ராத்திரி சோறு வேண்டாம்" என்றார்.

சாப்பிடும்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. இங்கே வருகிறவர்கள் எல்லாரும், அந்தக் கொச்சிக் குடும்பம் உட்பட, "பிரெஞ்சு முறையில் நம் உள்ளூர்க் காய்" என்று மெச்சுகிறார்கள். உண்மையில் இந்தக் காய்களில் எது உள்ளூர்? இங்கிலீஷ் காய் என்றுதானே நம் சந்தையில் இன்னமும் கூவுகிறார்கள். முட்டைகோஸ் ஐரோப்பியக் கடற்கரைக் கீரை. ஆரஞ்சு நிறக் கேரட் ஹாலந்து வழியாக உலகத்துக்குப் பரவியது. உருளைக்கிழங்கு ஆண்டிஸ் மலை. அதைச் சாப்பிட்டால் நோய் வரும் என்று பிரெஞ்சுக்காரர்களே பயந்து கிடந்து, பதினெட்டாம் நூற்றாண்டில் பார்மாந்தியே என்கிற மருந்தாளுநர் ஊரைக் கூட்டிச் சொல்லித்தான் ருசிக்கப் பழகினார்கள். கஸ்ஸூலேவின் வெள்ளைப் பயறேகூட கொலம்பஸுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து போனதுதான். அதற்கு முன்பு அங்கே வேறு பயறு போட்டார்கள். இந்தக் கூட்டத்தில் பூண்டு ஒன்றுதான் நம்மிடம் ஆதிகாலத்திலிருந்தே இருப்பது. வெள்ளைக்காரன் மலையேறி வந்தபோது மற்றதெல்லாம் கூடவே வந்து, குளிர் ஒத்துக்கொண்டதால் தங்கிவிட்டன. நாம் அவற்றுக்குக் கடுகு தாளித்துத் தேங்காய் போட்டுப் பொரியலாக்கினோம், நன்றாகத்தான் ஆக்கினோம். இங்கே அந்தத் தம்பி செய்வது அவற்றைத் திரும்ப ஐரோப்பிய அடுப்புக்கே கூட்டிப்போவது. பட்டர் பீன்ஸ் கஸ்ஸூலேவில் அவ்வளவு இயல்பாக உட்கார்ந்தது என்றால் அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை.

ஆகவே கஷ்டமான வேலை வேறு இடத்தில் இருக்கிறது. இனி அந்த சாலட்டுக்கு வருகிறேன். கேரட், பீட்ரூட், ஏதோ கீரை, பாஷன் ஃப்ரூட் சாறு. எல்லாம் சரி. அதன் உச்சியில் கேழ்வரகில் செய்த மெல்லிய அப்பளம் ஒன்று, ஓரமெல்லாம் ஓட்டை ஓட்டையாக, வலை போல. கடித்தால் சத்தம் வரும், ருசி வராது. போட்டோவுக்கு நிறுத்தியது. தட்டின் ஓரத்தில் வறுத்த தினை நாலு மணி. மாமா அந்த அப்பளத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கேப்பையா? இவ்வளவு மெலிஞ்சு போச்சே" என்றார். எனக்குக் கோபமே வந்தது. இந்த மலையின் சொந்தச் சோறு கேப்பைதான். காய்கறி இந்த மலைக்கு வருவதற்கு முன்னால் நெல்லும் கேப்பையும் சாமையும்தான் இந்தப் படிவயல்களில் நின்றன. சின்னார்க் காட்டுக்குள் தாயண்ணன்குடி முதுவர் பழங்குடியினர் கிட்டத்தட்ட கைவிட்டுப் போன சிறுதானிய ரகங்களை மறுபடி விதைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். அப்படிப்பட்ட தானியத்துக்குத் தட்டில் நெற்றிப்பொட்டு வேலை கொடுத்தால் எப்படி? கேப்பையைக் களியாகக் கிண்ட எவ்வளவு கைவலி என்று தெரிந்தவர்களுக்கு, அதைக் குழம்பில் அமுக்கி விழுங்குகிற சுகம் தெரிந்தவர்களுக்கு, இந்த ஓட்டை அப்பளம் கேலியாகத்தான் படும்.

இதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைசி வகையோடு தம்பியே மேசைக்கு வந்தபோது மாமா நேராகக் கேட்டுவிட்டார். "கேப்பைல ஒழுங்கா ஒண்ணும் பண்ண மாட்டீங்களா தம்பி?"

"பண்ணிப் பாத்தேன்ய்யா. அதுல பசை இல்லை. கோதுமை மாவு மாதிரி இழுபடாது, பிஸ்கட் மாதிரி உதுந்துருது. முழுசாப் போட்டா வர்றவங்க பாதி தின்னுட்டு வச்சிடறாங்க."

"உதுரத்தான் செய்யும். அது வெந்நீர்ல கிண்டுற மாவு, நீங்க அடுப்புக்குள்ள வச்சுச் சுடறீங்க."

தம்பி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சமையலறையில் அவருக்கு வேலை இருந்திருக்கும், இருந்தும் உட்கார்ந்தார். அந்த இடத்தில் அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

கடைசி வகை ஆப்பிளில் செய்த தார்த் தத்தேன். லமோத் பூவ்ரோன் என்கிற ஊரில் ஓட்டல் நடத்திய தத்தேன் சகோதரிகளின் பெயரால் அறியப்படுவது. ஆப்பிளை வெண்ணெயிலும் காய்ச்சிய சர்க்கரையிலும் வேகவிட்டு, மேலே மாவைப் போர்த்திச் சுட்டு, தட்டில் கவிழ்த்துவிடுவார்கள். காந்தலூர் ஆப்பிள் சின்னது, புளிப்பு. கடையில் காஷ்மீர் ஆப்பிளுக்குப் பக்கத்தில் வைத்தால் யாரும் சீந்த மாட்டார்கள். இந்தப் பண்டத்துக்கோ புளிப்பு ஆப்பிள்தான் வேண்டும். இனிப்பு ஆப்பிள் போட்டால் ஜாம் மாதிரித் தித்தித்துவிடும். சர்க்கரைக்கு மறையூர்ச் சர்க்கரை. மறையூரில் கரும்புச் சாற்றைக் கொப்பரையில் காய்ச்சிக் கையாலேயே உருண்டை பிடிக்கிற வெல்லம். கறுத்துப்போய்ப் பார்க்க ஒன்றுமில்லாமல் இருக்கும், வாயில் போட்டால் உப்புக் கரிக்காது.

ஆனால் தட்டில் வந்த பழுப்பு முழுக்க அந்தச் சர்க்கரையால் வந்ததில்லை. வெல்லத்தை மட்டும் போட்டுக் காய்ச்சினால் சீனி மாதிரி நிதானமாக நிறம் மாறாது, அதில் இருக்கிற மற்ற சத்துகளால் சட்டென்று கருகிக் கசந்துவிடும். அதனால் அடியில் சீனியைக் காய்ச்சி, நிறம் வந்ததும் இறக்கி, அப்புறம்தான் வெல்லத்தைத் தூளாக்கிச் சேர்க்கிறாராம். கிரேம் ப்ரூலே என்கிற பாலேடும் முட்டையும் சேர்ந்த இனிப்புக்கு மேலே தீயில் காட்டிப் பொறுக்காக்கும் இடத்தில் வெல்லத்தைப் போட்டுப் பார்த்துக் கைவிட்டதாகவும், பாலில் வெல்லம் சேர்த்தால் திரிந்து போவதாகவும் சொன்னார். "கொதிக்கிற பால்ல போட்டா திரியத்தான் செய்யும். வெல்லத்தைத் தனியாப் பாகாக்கி, ஆறவச்சு, பாலையும் எறக்கி வச்சு ஊத்தணும். பாயசம் வைக்கிற எந்தப் பொம்பளையக் கேட்டாலும் சொல்லுவாளே" என்றார் மாமா. அவர் வாழ்நாளில் பாயசம் வைத்ததில்லை. அத்தை வைப்பதைப் பார்த்திருக்கிறார்.

தட்டோரம் இரண்டு ஸ்ட்ராபெரி இருந்தது, காந்தலூரில் விளைந்ததுதான். மேசையில் அன்று நிஜமாகவே பிரெஞ்சுப் பிறப்பு என்று சொல்ல ஒன்று இருந்தது என்றால் அது இதுதான். ஃப்ரேசியே என்கிற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் சிலி நாட்டிலிருந்து 1714இல் சில செடிகளைக் கொண்டுவந்தார். பிரித்தானி பக்கத்துத் தோட்டங்களில் அது வட அமெரிக்கச் செடியோடு கலந்துதான் நாம் இன்று தின்கிற பெரிய ஸ்ட்ராபெரி பிறந்தது. மாமா தன் பங்கை என் தட்டில் தள்ளிவிட்டார். அவருக்குப் பிடிக்காது.

பில் வந்தது. நான் கையை நீட்டுவதற்குள் மாமா பார்த்துவிட்டார். வரி போக 3,600. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "பதினெட்டு கிலோ பூண்டு" என்றார். அன்றைய சந்தை விலைக்குக் கணக்கு சரிதான். பூண்டு கிலோ நூறுக்கும் கீழே போன வருடங்களில் இதே சாப்பாடு அரை மூட்டைக்கு மேல் வந்திருக்கும்.

விலை அதிகமா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. எட்டு மேசை, நாலு ஆள், ஒரு நாளுக்கு ஒரே தடவை. அதில் மீன்காரருக்கும் பால்காரருக்கும் தோட்டக்காரருக்கும் கையோடு காசு போகிறது என்றால் குறைத்துக் கொடுக்க முடியாது. மூணாறில் பெரிய ஓட்டல்களில் இதைவிடக் கூடுதல் விலைக்குப் பெட்டியில் உறைந்து வந்த சாமானைச் சூடு பண்ணிக் கொடுத்ததைச் சாப்பிட்டிருக்கிறேன். அங்கேயும் மெனுவில் உள்ளூர் என்றுதான் எழுதியிருந்தது.

மாமா கிளம்புகிற மாதிரி தெரியவில்லை. வெளியே திண்ணையில் தம்பியோடு உட்கார்ந்துவிட்டார்.

"பரண்ல போன போகத்துப் பூண்டு கெடக்கு தம்பி. புகை ஏறுனது. உங்க சூப்புக்கு அதுதான் சரி. காயாத பூண்டுல தண்ணி விடும், அதான் உங்களுக்கு மாவு கூடப் போட வேண்டி வருது."

"மாவு கூடன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நாக்குல ஒட்டுதே."

தம்பி மாசக் கடைசியில் மொத்தமாகக் கணக்கு தீர்க்கலாமா என்று கேட்டார். அந்தப் பேச்சை மாமா காதிலேயே வாங்கவில்லை. காய் வாங்கிப்போய் மாசக் கடைசி, மாசக் கடைசி என்று சொன்னவர்களிடம் அவருக்கு வரவேண்டிய பாக்கி இன்னும் இருக்கிறது. கடைசியில் வடுகபட்டி விலைக்கு மேல் கிலோவுக்கு ஐம்பது ரூபாய், பணம் கையில் கொடுத்தால்தான் கட்டு இறங்கும் என்று முடிந்தது. அடுத்த வாரமே முதல் கட்டு போய்விட்டது. கேப்பை விஷயம் மட்டும் இன்னும் இழுபறியில் இருக்கிறது. அத்தை களி கிண்டிக் காட்டச் சம்மதித்துவிட்டாள், ஆனால் அதில் வெண்ணெய் போடக்கூடாது என்கிறாள். வெண்ணெய் இல்லாமல் மேசைக்குக் கொண்டுபோக முடியாது என்கிறார் தம்பி.